இரண்டு பியானோ சேர்ந்தால் ஏன் கசகசவென்று கேட்கிறது?

ஜாஸ் பியானோ கலைஞர் மரியன் மெக்பார்ட்லண்டின் 'பியானோ ஜாஸ்' வானொலி நிகழ்ச்சியில் இருவர் சேர்ந்து வாசித்தாலும் தெளிவாக இருக்கிறதே, நாங்கள் வாசித்தால் மட்டும் ஏன் கசகசக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இருவருமே தனியாக வாசித்துப் பழகியவர்களாக இருக்க வேண்டும். தனியாக வாசிப்பவரின் இடது கை, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ்காரர் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். இரண்டு இடது கைகளும் ஒரே நேரத்தில் கீழ்க்கட்டைக்கு இறங்கினால் தொலைந்தது. ஒருவர் 65 ஹெர்ட்ஸ் 'சி' பிடிக்க, மற்றவர் 82 ஹெர்ட்ஸ் 'இ' பிடித்தால் இரண்டும் காதில் பிரியாது, உறுமல்தான் மிஞ்சும். அதனால் பாட்டின் ஒரு சுற்றுக்கு ஒருவர்தான் பாஸ். மற்றவரின் இரண்டு கைகளும் கட்டைகளின் நடுவில் இருக்கும் 'சி'யை ஒட்டியும் அதற்கு மேலேயும் இருக்கட்டும். ஒரு சுற்றின் 32 பார் (தாளக் கட்டம்) முடிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்ட், அதாவது சேர்த்து ஒலிக்கும் சுரங்கள். இங்கேதான் பலர் விழுகிறார்கள். 'ஜி7' வரும் இடத்தில் ஒருவர் அதையே வாசிக்கிறார், இன்னொருவர் ஜாஸ் வழக்கப்படி அதற்குப் பதிலாக 'டி ஃபிளாட் 7' போடுகிறார். தனித்தனியே இரண்டும் சரி. சேர்ந்தால் ஒருவரின் 'டி'யும் மற்றவரின் 'டி ஃபிளாட்'டும் அரைச்சுர இடைவெளியில் முட்டிக்கொள்ளும். ஆனால் 'பி', 'எஃப்' இரண்டும் இரு கார்டிலும் உண்டு. பக்கவாத்தியமாக இருப்பவர் அந்த இரண்டை மட்டும் தொட்டால், எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் போனாலும் இடிக்காது. ஐந்து விரலையும் வைத்தே ஆக வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

ஜாஸுக்கு விதி போடுகிறாயா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இது விதியல்ல, ஒருவருக்கொருவர் இடம் விடுவது. வேண்டுமென்றே மோதவிடுகிற கலைஞர்களும் உண்டு, தெரிந்து செய்தால் அழகுதான்.

பியானோக்கள் இரண்டையும் ஒரே நாளில், ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஸ்ருதி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் 'ஏ' 440 ஹெர்ட்ஸ், மற்றொன்றின் 'ஏ' 442 என்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி அலைபாயும். கிராண்ட் பியானோக்களானால் எதிரெதிராக, வளைவுக்குள் வளைவு பொருந்தும்படி போட்டால் இருவரும் முகம் பார்க்கலாம். ஒலிப்பதிவில் ஒருவரை இடதிலும் மற்றவரை வலதிலும் பிரிக்கிறார்கள். இடம் வலம் பிரியாத மோனோவில் கேட்டால் அந்தப் பிரிவு போய்விடும், யார் கீழ்க்கட்டை, யார் மேல்கட்டை என்ற பிரிவுதான் காப்பாற்றும்.

மெக்பார்ட்லண்ட் நிகழ்ச்சியில் இதற்கெல்லாம் பேச்சு துணை நின்றது. 1978-இல் முதல் விருந்தினராக பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸோடு பதிவைத் தொடங்கி, 1979 முதல் அமெரிக்கப் பொது வானொலியில் வந்த நிகழ்ச்சி அது. விருந்தினர் தனியாக வாசிப்பார், இருவரும் பேசுவார்கள், சேர்ந்தும் வாசிப்பார்கள். விருந்தினர் எந்த வேகத்தில் சௌகரியப்படுகிறார், கார்டை எப்படித் திருப்புகிறார் என்பதெல்லாம் சேர்ந்து வாசிக்குமுன்பே காதில் விழுந்துவிடும். 1978-இல் பதிவான, பியானோ கலைஞர் பில் எவான்ஸ் பகுதியைக் கேளுங்கள். இசைச் சொற்றொடரைத் தாளத்திலிருந்து தள்ளி வைப்பதை அவர் வாசித்துக் காட்டியே விளக்குகிறார்.

பேச்சை வெட்டி எறிந்துவிட்டு வாசிப்பை மட்டும் ஏற்றுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். வேகத்தையும் கார்டையும் அந்தப் பேச்சில்தான் ஒத்துக்கொள்கிறார்கள். நீங்களும் தொடங்குமுன் நான்கை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்: எந்த ஸ்ருதி, எந்த வேகம், முதல் சுற்றில் யாருக்கு பாஸ், கடைசி 4 பாரை யார் முடிப்பது.