கணித பிஎச்டி விண்ணப்பம்: பாடத் தேர்வு மதிப்பெண் குறைந்தவர்களுக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். மேற்படிப்புச் சேர்க்கைக்காக எழுதும் ஜிஆர்இ கணிதப் பாடத் தேர்வில் 38 பெர்சன்டைல்தான் வந்திருக்கிறது, அமெரிக்காவில் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். இந்த மதிப்பெண்ணோடு போவதற்கும் வழி இருக்கிறது. அதற்கு முன் அந்த எண் உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

38 பெர்சன்டைல் என்றால் தேர்வு எழுதிய நூறு பேரில் ஏறக்குறைய 38 பேர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள். அந்த நூறு பேர் யார்? பெரும்பாலும் கணிதத்தில் முனைவர் பட்டம் செய்ய நினைத்து, அதற்காகவே பணம் கட்டி எழுத வந்தவர்கள். முதுகலை முடித்தவர்களும் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட கூட்டத்தில் நடுவுக்குச் சற்றுக் கீழே நிற்கிறீர்கள், அவ்வளவுதான். ஜிஆர்இ பொதுத் தேர்வின் குவான்ட் பகுதியோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது பள்ளிக் கணிதம். அதில் முழு மதிப்பெண்ணான 170 வாங்கினாலும் கணிதத் துறையில் யாரும் வியக்க மாட்டார்கள்.

பாடத் தேர்வில் சுமார் 66 கேள்விகள், நேரம் 2 மணி 50 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். பாதி கால்குலஸ், கால் பங்கு அல்ஜீப்ரா, மீதியில் ரியல் அனாலிசிஸ், டோபாலஜி, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், நிகழ்தகவு எல்லாம் கலந்து வரும். ஆராய்ச்சி செய்பவர் ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். இந்தத் தேர்வு அளப்பது வேறொரு திறமையை. அப்படியானால் துறைகள் இதை ஏன் கேட்கின்றன? உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் விண்ணப்பம் வருகிறது. எந்தக் கல்லூரியின் 85 சதவீதம் எவ்வளவு கனமானது என்று தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் இது ஒன்றுதான். அவர்கள் மனதில் ஓடும் கேள்வி ஒன்றே: இவர் முதல் இரண்டு வருடத்தில், பிஎச்டியைத் தொடர எழுத வேண்டிய குவாலிஃபையிங் தேர்வுகளைத் தாண்டிவிடுவாரா, அப்புறம் ஓர் ஆய்வேட்டை எழுதி முடிப்பாரா? அதற்கு உங்கள் மதிப்பெண் நல்ல பதில் தரவில்லை. அந்தப் பதிலை விண்ணப்பத்தின் மற்ற பாகங்கள் தர வேண்டும்.

ஆனால் முதலில் அந்தக் கேள்விக்கு நீங்களே உங்களுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் ஒரு மாதிரித் தேர்வுப் புத்தகத்தை இலவசமாகத் தருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் போடுங்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாதபோது பெரும்பாலானவை சரியாக வந்தால் உங்கள் சிக்கல் வேகம் மட்டும்தான். கால்குலஸ் கேள்விகளில் மட்டும் தடுமாறினால் அது துரு. முதலாண்டுப் பாடத்தைத் தொட்டுப் பல வருடம் ஆனவர்கள் எல்லோருக்கும் பிடிப்பதுதான், ஆறு வாரத்தில் போகும். லீனியர் அல்ஜீப்ராவிலும் அனாலிசிஸிலும், எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பிடி கிடைக்கவில்லை என்றால் அதை மறைக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையை விண்ணப்பத்தில் மூடிவிடலாம், குவாலிஃபையிங் தேர்வில் மூட முடியாது. சேர்ந்து இரண்டு வருடம் கழித்து வெளியே வருவது, இப்போது ஒரு வருடம் தாமதிப்பதைவிடப் பல மடங்கு வலிக்கும்.

வேகமும் துருவும்தான் காரணம் என்றால் மேலே படியுங்கள்.

2020க்குப் பிறகு பல துறைகள் இந்தத் தேர்வைக் கேட்பதை நிறுத்திவிட்டன அல்லது விருப்பத்துக்கு விட்டுவிட்டன. சில இன்னும் கேட்கின்றன, சில நிறுத்திவிட்டு மறுபடி கேட்கத் தொடங்கியிருக்கின்றன. அதனால் போன வருடம் சேர்ந்த சீனியர் சொன்னதை நம்பாமல், ஒவ்வொரு துறையின் சேர்க்கைப் பக்கத்தையும் இந்த வருடத்துக்கு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை ஏற்பதே இல்லை என்று சொல்லும் துறைகள் உங்களுக்கு முதல் தேர்வு. விருப்பம் என்று சொல்லும் இடங்களில் 38ஐ அனுப்ப வேண்டாம். எந்த மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி ஈடிஎஸ் முறையிலேயே இருக்கிறது. கட்டாயம் என்றால் அனுப்பித்தான் ஆக வேண்டும். விண்ணப்பப் படிவம் எல்லா முயற்சிகளையும் கேட்டால் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். இங்கே ஒரு சின்னப் பொய்கூட வேண்டாம்.

அனுப்பாமல் விட்டால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்புவது பரிந்துரைக் கடிதம். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மூன்று கடிதம் வேண்டும் என்றதும் துறைத் தலைவரைத் தேடி ஓடுகிறார்கள். அவருக்கு உங்கள் முகம்கூட நினைவிருக்காது. ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருவார்’ என்று நான்கு வரி எழுதுவார். அந்தக் கடிதம் இருப்பதும் இல்லாததும் ஒன்று. நீங்கள் கரும்பலகையில் ஒரு நிரூபணத்தைத் தொடங்கி, பாதியில் மாட்டிக்கொண்டு, மறுநாள் சரிசெய்து கொண்டுவந்ததைப் பார்த்த ஆசிரியர் யார்? அவரைக் கேளுங்கள். புராஜெக்ட்டுக்கு வழிகாட்டியவர், கோடைப் பள்ளியில் பாடம் எடுத்தவர், கூட உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் படிக்க வைத்தவர் ஆகியோரும் பொருத்தமானவர்கள். அவர் இதற்கு முன் பிஎச்டிக்கு அனுப்பிய மாணவர்களோடு உங்களை ஒப்பிட்டு ஒரு வரி எழுதினால், தெரியாத கல்லூரி என்ற தயக்கம் பெருமளவு குறையும்.

கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பாவது கேளுங்கள். ‘என்னைப் பற்றி வலுவான கடிதம் எழுத முடியுமா, சார்?’ என்று நேராகவே கேட்கலாம். அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். சம்மதித்தால் மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் அறிக்கை, நோக்க அறிக்கையின் (ஏன் பிஎச்டி என்று நீங்கள் எழுதும் கட்டுரை) வரைவு மூன்றையும் கையில் கொடுத்து, பாடத் தேர்வில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ‘இந்த மதிப்பெண் இவருடைய கணிதத்தைக் காட்டவில்லை’ என்று ஆசிரியர் எழுதினால் அது சாட்சி. அதையே நீங்கள் எழுதினால் சாக்கு போலத் தெரியும்.

அதனால் நோக்க அறிக்கையில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். தேர்வன்று காய்ச்சல் போல உண்மையான காரணம் இருந்தால் ஒரே வாக்கியம், அதற்கு மேல் இல்லை. சிறு வயதிலிருந்தே எனக்குக் கணிதம் உயிர் என்ற தொடக்கத்தையும் எடுத்துவிடுங்கள். உங்கள் வரைவில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லையையும் தொகையீட்டையும் எப்போது இடம் மாற்றலாம் என்று சொல்லும் டாமினேட்டட் கன்வர்ஜென்ஸ் தேற்றத்தில் அந்த மேல்வரம்புச் சார்பு எதற்கு என்று புரியாமல் ஒரு வாரம் திண்டாடி, இடைவெளி சுருங்கச் சுருங்க உயரம் ஏறும் சார்புகளை நீங்களே கண்டுபிடித்தீர்கள்: ஒவ்வொன்றின் தொகையீடும் 1, எல்லைச் சார்பின் தொகையீடு மட்டும் 0. பாடப்புத்தகங்களில் உள்ள பழைய எடுத்துக்காட்டுதான், இருக்கட்டும். நீங்களாக அங்கே போய்ச் சேர்ந்தீர்கள். அதை மூன்றாவது பக்கத்தில் புதைத்திருக்கிறீர்கள்; முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டியலைப் பற்றி ஒன்று. பெயர்பெற்ற பத்துப் பல்கலைக்கழகங்களை மட்டும் எழுதி அனுப்பியிருந்தீர்கள். அது ஏன் போதாது என்பதற்கு ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஜூன் ஹு 2022இல், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். இளங்கலையில் அவருடைய பதிவு சுமார்தான், முடிக்க ஆறு வருடம் ஆனது. முதுகலைக்குப் பிறகு சுமார் ஒரு டஜன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். இலினாய் தவிர மற்ற எல்லாம் மறுத்துவிட்டன. அங்கே சேர்ந்த தொடக்கக் காலத்திலேயே, 1968இலிருந்து நிரூபிக்கப்படாமல் இருந்த, கோட்டுருக்களுக்கு (கிராஃப்) வண்ணமிடுவது பற்றிய ரீட் அனுமானத்தை நிரூபித்தார். நீங்களும் அப்படி ஆவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தேர்வுக் குழுக்கள் தவறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஒரு குழு மறுத்ததை இன்னொன்று ஏற்கும். பன்னிரண்டு இடங்களுக்காவது போடுங்கள். அதில் பாதியாவது உங்கள் விருப்பமான அனாலிசிஸில் நான்கைந்து பேர் வேலை செய்யும், பெரிய பெயர் இல்லாத அரசுப் பல்கலைக்கழகங்களாக இருக்கட்டும். அங்கே பிஎச்டி மாணவர்கள்தான் இளங்கலை வகுப்புகளுக்கு டீச்சிங் அசிஸ்டென்ட். அந்த வேலைக்குத்தான் கல்விக் கட்டண விலக்கும் உதவித்தொகையும். ஆகவே ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதிக்கு நன்றாகத் தயாராகுங்கள். வகுப்பெடுக்க அனுமதிக்க அதில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு.

மறுபடி எழுதலாமா? பாடத் தேர்வு வருடத்தில் செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல் மாதங்களில்தான் நடக்கிறது. விண்ணப்பக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஜனவரி நடுவரை. அக்டோபர் தேர்வுக்கு முன் எட்டு வாரம் முழுதாகக் கிடைக்குமானால் எழுதுங்கள், அதுவும் கால்குலஸை மட்டும் குறிவைத்து, கடிகாரத்தோடு. கிடைக்காது என்றால் அந்த நேரத்தை மெஷர் தியரி பாடத்துக்கும் புராஜெக்ட் அறிக்கைக்கும் கொடுங்கள்.

பிஎச்டிக்கு முன் முதுகலை செய்வது என்றால் ஒரு படி இறங்குவது என்று அப்பா நினைக்கிறார் என எழுதியிருந்தீர்கள். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: முதுகலைப் பாடங்களில் நல்ல மதிப்பெண்ணும் ஓர் ஆய்வறிக்கையும் இருந்தால், பாடத் தேர்வு எண்ணைக் குழு தேடுவது குறையும். அவர் விரும்பினால் என்னோடு நேரிலேயே பேசட்டும்.

கடைசியாக, காத்திருப்புப் பட்டியல். உதவித்தொகையோடு வரும் சேர்க்கைக்குப் பதில் சொல்ல பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை நேரம் தருகின்றன. அந்தத் தேதியை ஒட்டி மற்றவர்கள் விடும் இடங்கள் திறக்கும், உங்களைப் போன்ற விண்ணப்பங்களுக்கு வாய்ப்பு வருவதும் அப்போதுதான். மார்ச் கடைசியில், உங்களைக் காத்திருப்பில் வைத்த ஒவ்வொரு துறைக்கும் நான்கு வரியில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இன்னும் ஆர்வம் இருக்கிறது, இந்தப் பருவத்தில் இந்தப் பாடத்தில் இந்த மதிப்பெண், புராஜெக்ட் முடிந்தது, அறிக்கை இணைத்திருக்கிறேன் என்று. அனுப்புவதற்கு முன் வரைவை எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.