மகளை விட்டுவிட்டு ஒரு பி.ஆர். விண்ணப்பமா?

கேள்வி: கனடாவில் நிரந்தரமாக வசிக்க உதவும் பி.ஆருக்கு, பாயின்ட் வைத்து ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பிக்க அழைப்பு வந்துவிட்டது. நான், மனைவி, 2 வயது மகன் என மூன்று பேர். (முதல் திருமணத்தில் பிறந்த 9 வயது மகள் அவள் அம்மாவோடு திருச்சியில் இருக்கிறாள். கூட வராதவளைச் சேர்க்க வேண்டாம், பேங்கில் காட்ட வேண்டிய பணமும் குறையும் என்றார் கன்சல்டன்ட்.) போலீஸ் சான்றிதழ், பேங்க் லெட்டர், எதை முதலில் வாங்குவது?
- வாசகர், கோவை

பதில்: தம்பி, அழைப்பு வந்ததிலிருந்து உங்களுக்கு 60 நாள்தான். போலீஸ் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். பேங்க் லெட்டரில் 6 மாத சராசரி இருப்பு இருக்க வேண்டும். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

பெற்ற மகளை அடைப்புக்குறிக்குள் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? மூன்று பேர் என்கிறீர்கள். நான் எண்ணினால் நான்கு வருகிறது. கனடா அரசும் நான்கு என்றுதான் எண்ணும். 22 வயதுக்குள், திருமணமாகாத பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும், கூட வராவிட்டாலும் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். பேங்கில் காட்டும் பணமும் நான்கு பேருக்கானது. மறைத்தது தெரிந்தால் 5 ஆண்டுத் தடை. அதைவிடக் கொடுமை, இன்று காட்டாத பிள்ளையை நாளைக்கு ஸ்பான்சர் செய்து அழைக்கும் வழி பொதுவாக அடைபட்டுவிடும். பதினேழு வயதில் அவள், "அப்பா, அங்கே வந்து படிக்கட்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கன்சல்டன்ட் சொன்னார் என்று என்னிடம் சொல்லாதீர்கள். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அவளைச் சேர்த்தால் உங்கள் பாயின்ட் ஒன்றுகூடக் குறையாது. அவளை மறைத்தால் மிச்சமாவது கொஞ்சம் பணம், அவ்வளவுதான். விவாகரத்து உங்களுக்கும் அவள் அம்மாவுக்கும்தான் நடந்தது, தம்பி. அவளுக்கு நீங்கள் இன்னும் அப்பாதான்.

விண்ணப்பத்தை இன்னும் சமர்ப்பிக்கவில்லையே, அவள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பணம் போதாவிட்டால் இந்த அழைப்பை மறுத்துவிட்டு, சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கலாம். அப்புறம், கூட வராத பிள்ளைக்கும் மெடிக்கல் பரிசோதனை உண்டு, கனடா அங்கீகரித்த டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். அதற்கு அவள் அம்மாவின் சம்மதம் வேண்டும். கோபதாபத்தை ஓரமாக வைத்துவிட்டு, கன்சல்டன்டைப் பேச விடாமல் நீங்களே திருச்சிக்குப் போன் செய்யுங்கள். மெடிக்கலுக்கு அழைத்துப் போகவும் நீங்களே போங்கள்.