அந்த டிப்ளோமா எத்தனையாம் மட்டம்?

வணக்கம் ஐயா,
என் அக்காவின் மகன் உயர்தரம் கணிதப் பிரிவில் எடுத்தான். இரண்டு பாடத்துக்கு எஸ், அதாவது சாதாரண சித்தி, இணைந்த கணிதத்துக்கு டபிள்யூ, அதாவது சித்தியில்லை. இரண்டாம் சை, அதாவது இரண்டாந்தடவை சோதனை எடுக்கச் சொல்லி அக்கா அழுகிறா. அவனோ ஏசி, பிறிட்ஜ் திருத்தும் டிப்ளோமா படிக்கப்போகிறேன் என்று நிற்கிறான். ரவுணில் ஒரு தனியார் நிறுவனம். ஒரு வருடம், ஒன்றரை லட்சம். இணைந்த கணிதத்துக்கு நல்ல ரியூசன் எங்கே? அல்லது அவன் போக்கில் விடவா?
— ஒரு தாய்மாமன், சாவகச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

ரியூசன் விபரம் உங்கள் ஊர் மதில்களிலேயே ஒட்டியிருக்கும், என்னை விடுங்கள். இரண்டாம் சை பற்றி ஒரு சொல்: பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் புள்ளி மூன்று பாடத்தின் சராசரி. டபிள்யூ எஸ் ஆகினால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். பொறியியல் பீடத்துக்கு மூன்றும் ஏறவேண்டும், அதற்கு மனம் வேண்டியது அக்காவுக்கு அல்ல, பெடியனுக்கு. மூன்று தடவை எழுதலாம். தொழில் படித்துக்கொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். கதவு ஒன்றும் பூட்டப்படவில்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். கோழி வாங்கினாலும் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், முடிவில் என்ன சான்றிதழ் தருவார்கள் என்று மாமனும் கேட்கவில்லை, மருமகனும் கேட்கவில்லை!

‘டிப்ளோமா’ என்று யாரும் அச்சடிக்கலாம். நாட்டில் பெறுமதியுள்ளது தேசிய தொழில் தகைமை, எல்லாரும் என்விகியூ என்கிற அதுதான். ஏழு மட்டம். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அக்காவுக்குப் பட்டம்தானே வேண்டும்? இந்த வழியாலும் அங்கே போகலாம், ஆனால் ஏணியின் முதல் படி உண்மையான படியாக இருக்கவேண்டும்.

ஏமாறும் இடம் இதுதான். ‘அரசில் பதிவு செய்யப்பட்டது’ என்று பலகையில் இருக்கும். பொய்யில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருக்கும். ஆனால் பதிவு நிறுவனத்துக்கு, தரச்சான்று பாடநெறிக்கு. இரண்டும் வேறு. ஆறு பாடநெறி நடத்தும் இடத்தில் இரண்டுக்கு மட்டும் தரச்சான்று இருக்கலாம். மற்ற நான்கையும் படித்தவன் கையில் வருவது அந்த நிறுவனத்தின் சொந்தக் கடதாசி. என்விகியூ நான்கு கேட்கும் இடத்தில் அது செல்லாது. தரச்சான்றுக்குக் காலாவதியும் உண்டு. போன வருடம் இருந்தது இந்த வருடம் இருக்கவேண்டுமென்று இல்லை.

ஆகவே பணம் கட்டமுதல் கேளுங்கள்: இந்தப் பாடநெறிக்கே தரச்சான்று உண்டா? எத்தனையாம் மட்டத்துக்கு? எப்போது முடிகிறது? சொன்னதை ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் ஒத்துப்பாருங்கள். பிறகு, முந்திய அணியில் ஒருவருடைய சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ‘மதிப்பீடு இன்னும் நடக்கவில்லை’ என்று இழுத்தால் எழும்பி வாருங்கள்.

அதற்கு முன், யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் என்னென்ன இருக்கிறது, எப்போது விண்ணப்பம் என்று விசாரியுங்கள். நீங்கள் அல்ல, அவன் விசாரிக்கட்டும். பதினெட்டு வயசுப் பெடியனுக்கு மாமன் ஏன் போன் எடுக்கவேண்டும்?

இன்னொன்று. வகுப்பு முடிந்ததும் ஓஜேடி, அதாவது வேலைத்தளப் பயிற்சி வரும். சொந்தக்காரர் கடையில் விட்டுவிடாதீர்கள். அங்கே தேத்தண்ணி வாங்கவும் சாமான் தூக்கவும்தான் விடுவார்கள். கசிவு தேடுவது, செப்புக்குழாய் ஒட்டுவது, வாயு நிரப்புமுன் வெற்றிடமாக்குவது எல்லாம் அவன் கையால் செய்து, பதிவேட்டில் அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கவேண்டும். மாதக்கடைசியில் ஒரே பேனையால் நிரப்பிய பதிவேட்டை மதிப்பீட்டாளர் பார்த்தவுடனே பிடித்துவிடுவார்.