கீழ்ச்சுவரில் ஓதம்: கெமிக்கல் ஊசி போட்டால் நின்றுவிடுமா?

கேள்வி: எங்கள் பழைய வீட்டை இரண்டு போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறோம். செங்கல், சுண்ணாம்புக் கட்டடம். இப்போது காலியான போர்ஷனில் தரையிலிருந்து மூன்று அடி வரை ஓதம் ஏறி, பெயின்ட் பொரிந்து கொட்டுகிறது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் ஒரு கருவியை வைத்துச் சோதித்தார். சுவரின் அடியில் துளை போட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கும் கெமிக்கலை ஊசி போல உள்ளே ஏற்றி, வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூசி, பத்து வருட கேரண்டியும் தருவாராம். இரண்டு வாரத்தில் புதிதாகக் குடிவருகிறார்கள். சின்ன வேலைகளை நானே செய்துகொள்வேன். இதை அவரிடம் விடலாமா?

பதில்: விடாதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அந்தச் சுவரில் ஒரு கரண்டி சிமெண்ட் கூட ஏறக் கூடாது.

முதலில் அந்தக் கருவி. பாதி வியாபாரம் அதில்தான் நடக்கிறது. இரண்டு ஊசிமுனை இருக்கும். சுவரில் அழுத்தினால் கீச்சென்று கத்தும், திரையில் பயமுறுத்தும் ஓர் எண் வரும். அது அடிப்படையில் மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்தது. இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. பழைய சுவரில் உப்பு ஊறிக் கிடக்கும். துளி ஈரம் இருந்தாலே உப்பு மின்சாரத்தைக் கடத்திவிடும். அதனால் பெரும்பாலும் காய்ந்துவிட்ட சுவரிலும் கருவி கத்தும். எந்த இடத்தில் ஈரம் அதிகம், எந்த இடத்தில் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவலாம். அது காட்டும் சதவீதத்தைச் செங்கல் சுவருக்கு அப்படியே நம்பக் கூடாது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அது சொல்லவே சொல்லாது. ஆனால் இந்தத் தொழிலில் குறையைக் கண்டுபிடிப்பவரேதான் சரக்கையும் விற்கிறார். இலவசமாகச் சோதித்துத் தருகிறேன் என்று வருபவர் "உங்கள் சுவர் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போன கதையை நான் கேட்டதில்லை.

அப்புறம் சிமெண்ட். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயிலும் காற்றும் பட்டால் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுப்போகும். ஈரம் உள்ளேயே நின்று, வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். மூன்று அடியில் இருந்த கறை நாலடிக்குப் போகும். சில மாதம் சுவர் பளிச்சென்று இருக்கும், கான்ட்ராக்டரும் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். பிறகு தட்டிப் பார்த்தால் பூச்சு டொக் டொக்கென்று பொள்ளலாகச் சத்தம் போடும். பெயர்த்தால் பின்னால் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். அந்தப் பூச்சோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து பிய்ந்து வருவதுதான் கொடுமை.

உங்கள் வேலை வெளியே தொடங்குகிறது. வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பழைய வீடுகளில் மண்தரை மேல் காங்கிரீட், அதன் மேல் டைல்ஸ் என்று வெளித்தரை ஏறிக்கொண்டே வந்திருக்கும். வெளித்தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரை ஒட்டி வெட்டி இறக்குங்கள். மழை பெய்யும்போது குடையோடு நின்று, மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாக எங்கே போய் விழுகிறது என்று கவனியுங்கள். சுவரின் காலடியிலேயே விழுகிறது என்றால் ஒரு எல்போவும் நாலடிக் குழாயும் வாங்கி நீங்களே தள்ளி விட்டுவிடலாம். இந்த இரண்டும் சரியானாலே பல வீடுகளில் ஊசிக்கு வேலை இருக்காது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு வீட்டைப் போர்ஷன்களாகப் பிரிக்கும்போது குளியலறையைப் பிறகு ஒட்டுப்போட்டிருப்பார்கள். அப்படியானால் மேலே சொன்னதெல்லாம் அப்புறம்தான். மண்ணிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் நீளத்துக்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நிற்கும். குழாய்க் கசிவு ஓரிடத்தில் திட்டாக இருக்கும், மழையானாலும் கோடையானாலும் குறையாது. மீட்டர் இருந்தால் இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமல் காலையில் எண் ஏறியிருந்தால் வரும் தண்ணீரில் கசிவு. ஏறவில்லை என்றால் வெளியேறும் பக்கம் பாருங்கள்: தரையில் தண்ணீர் இறங்கும் வாயைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, உணவுக்குப் போடும் வண்ணத்தை அதில் கரைத்து ஒரு நாள் விடுங்கள். சுவரில் அந்த நிறம் தெரிந்தால் தரையில் கோளாறு. தெரியாவிட்டால் அடைப்பை எடுத்து அதே நிறத் தண்ணீரை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். அப்போது தெரிந்தால் கழிவுக் குழாயில் கோளாறு. பக்கத்து போர்ஷன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் குளிக்கும் நேரம் பார்த்து இதைச் செய்யாதீர்கள். இங்கே சுவருக்கு ஊசி போடுவது சுத்த வீண். குழாயைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் தாங்காது.

காரணத்தை நிறுத்திய பிறகு, கறை தெரியும் மட்டத்துக்கு மேலே ஒரு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பு அதில்தான் இருக்கிறது, அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். செங்கல்லைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி அள்ளிக் கொட்டுங்கள். கழுவ வேண்டாம், கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். பிறகு காய விட வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் முக்கால் வருடம். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் கோபம் வருகிறது, கான்ட்ராக்டருக்கு அதிகமாக. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். சிமெண்டைத் தவிர வேறெதையும் கற்றுத்தராத படிப்புகளின் புண்ணியத்தில் அவர்கள் அருகிப்போய்விட்டார்கள்.

கேரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? ஆணி அடித்தால் செல்லாது, வெளித்தரை உயர்ந்தால் செல்லாது என்று இருக்கும். வாடகை வீட்டில் ஆணி அடிக்காத குடித்தனம் எது?

இரண்டு வாரத்தில் நீங்கள் செய்யக்கூடியது: வெளித்தரையை இறக்குவது, குழாயைத் திருப்புவது, பூச்சைக் கொத்துவது, செங்கல் மேலேயே இரண்டு கோட் சுண்ணாம்பு அடிப்பது. பட்டி பார்க்காதீர்கள், எமல்ஷன் வேண்டாம். குடிவருபவரிடம் சுவரைக் காட்டி, அடுத்த வருடம் பூசித் தருவதாக எழுதிக் கொடுத்து, அதுவரை அந்த அறைக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பீரோவை அந்தச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், ஜன்னலைப் பகலில் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.