ஓரமாக நின்று பார்க்கும் பையனைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். 20 குழந்தைகள். உதவியாளர் பாதி நேரம் சமையலில் இருப்பார். மூன்றரை வயதுப் பையன் ஒருவன், சேர்ந்து மூன்று மாதமாகியும் யாரோடும் விளையாடாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். வாயே திறப்பதில்லை. ‘உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுங்கள்’ என்று பயிற்சியில் சொன்னார்கள். இருக்கிற பதிவேடுகளை முடிக்கவே நேரமில்லை. இதில் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: உண்டு டீச்சர். ஆனால் மாதக் கடைசியில் உட்கார்ந்து, ‘நன்றாகப் பழகுகிறான்’, ‘கவனம் குறைவு’ என்று இருபது பேருக்கும் நினைவிலிருந்து நிரப்பினால் ஒரு பயனும் இல்லை. டிக் அடிக்கும் அட்டைகள் மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ‘பிறருடன் சேர்ந்து விளையாடுகிறான்: இல்லை’ என்று டிக் அடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வது?

கண்ணில் பட்டதை மட்டும் எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு:

‘10.20. மணல் தொட்டியில் மூன்று பேர். இவன் இரண்டடி தள்ளி நிற்கிறான். ஒருத்தி கப்பைக் கவிழ்த்து “இட்லி ரெடி” என்கிறாள். சிரிக்கிறான். கீழே கிடந்த மூடியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிடுகிறான். அவள் எடுத்துக்கொள்கிறாள். 10.24. பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினான்.’

நாலே நிமிடம்தான். மூடியைத் தள்ளியவனுக்குச் சேர ஆசை இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணோடு இவனையும் தட்டு அடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பேச்சு தேவையில்லை. அப்புறம், காது. ஒரு தடவை திரும்பாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, விளையாட்டு மும்முரமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கும் பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் காது மந்தமாக இருப்பதுண்டு; ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. அதனால் வெவ்வேறு நாட்களில், உங்கள் முகம் தெரியாமல் பின்னாலிருந்து கூப்பிட்டுக் குறித்து வையுங்கள்.

ஓரமாக நின்று பார்ப்பது மட்டுமே கோளாறு ஆகிவிடாது. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் சேர்ந்து பழகும் விதத்தை ஆறு வகையாகப் பிரித்தார். அதில் ‘வேடிக்கை பார்ப்பது’ம் ஒன்று. உங்களுக்குத் தோதானது அவர் கையாண்ட முறைதான்: ஒரு தடவைக்கு ஒரு குழந்தையை ஒரே ஒரு நிமிடம் பார்ப்பது, அதையே வேறு வேறு நாட்களில் திரும்பச் செய்வது. நாளுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலும் பத்து வேலை நாளில் இருபது பேரும் முடிந்துவிடும். பாடல், கதை நேரத்தை விட்டுவிடுங்கள். காலையில் வந்து சேரும்போதும், சாப்பாட்டின்போதும், இஷ்டத்துக்கு விளையாடும்போதும் பாருங்கள். கையில் பெரிய நோட்டு வேண்டாம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். யாரைப் பற்றி எழுதினீர்களோ, அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே புள்ளி வைத்து வாருங்கள். அடிக்கிறவனுக்கும் அழுகிறவளுக்கும் புள்ளி குவிந்திருக்கும். தொந்தரவு தராத நடுவாந்திரப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இருக்காது.

அவன் அம்மா வரும்போது, வீட்டில் என்ன மொழி என்று முதலில் கேளுங்கள். இந்தியோ ஒடியாவோ பேசும் வீட்டுப் பிள்ளை, தமிழ் காதில் பழகும்வரை மாதக்கணக்கில் மௌனமாக இருப்பது வழக்கம்தான். வீட்டிலும் தமிழ், அங்கே வாயாடி, இங்கே மட்டும் இத்தனை மாதமாக ஒரு சொல்கூட இல்லை என்றால் அதை வெறும் கூச்சம் என்று விட வேண்டாம். ‘பேசு, பேசு’ என்று எல்லார் முன்னாலும் கேட்பதை உடனே நிறுத்துங்கள். அது மௌனத்தைக் கூட்டும். வீட்டிலும் பேச்சு குறைவு என்றாலோ, பெயர் சொன்னால் பெரும்பாலும் திரும்புவதில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் உடல்நலத்தையும் வளர்ச்சியையும் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அவர்கள் ஒரு பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடங்கள். தேதி போட்ட உங்கள் குறிப்பைக் கையில் கொடுத்தால் காதைப் பார்ப்பதா, பேச்சைப் பார்ப்பதா என்று அவர்களுக்குப் பிடி கிடைக்கும். ஏற்கெனவே பேசிய சொற்களை ஒரு பிள்ளை இழந்துவருகிறது என்றால் மட்டும் அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். வளர்ச்சிச் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு உடனே அழைத்துப் போகும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள்.

நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம், சொல்லவும் வேண்டாம். குறிப்புகளைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பதும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. அவனைப் பற்றியது அவன் வீட்டாருக்கும், அவனுக்கு உதவப் போகிறவர்களுக்கும் மட்டும்தான்.