டிஜே லைப்ரரியில் பாட்டு விவரங்கள் காலியாக இருந்தால் எங்கே தேடுவது?

பாட்டு ஓடுகிறது, ஆனால் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் கலைஞர், ஆல்பம் கட்டங்கள் காலி என்கிறீர்கள். முதலில் அந்த ஃபைலை எம்பி3டேக் மாதிரி, பாட்டு விவரங்களைக் காட்டும் தனி மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே விவரம் இருந்தால் ஃபைலில் கோளாறு இல்லை. டிஜே மென்பொருள், பாட்டைச் சேர்த்தபோது படித்ததைத் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது, பிறகு வெளியே நீங்கள் திருத்தியது அதற்குத் தெரியாது. பாட்டின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ரீலோட் டேக்’ கொடுத்தால் போதும்.

அங்கேயும் காலியா? சரி, ஃபைல் வகையைப் பாருங்கள், பெரும்பாலும் வேவ் (.wav) ஃபைல்தான் வில்லன். 1991இல் வந்த வடிவம் அது, பாட்டு விவரங்களை ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் ஐடி3 டேக் அதற்கப்புறம்தான் பிறந்தது, அதனால் பிற்பாடு ஒட்டவைத்த டேக்கை ஒரு மென்பொருள் படிக்கும், இன்னொன்று கண்டுகொள்ளாது. வேவை ஏஐஎஃப்எஃப் (.aiff) வடிவத்துக்கு மாற்றினால் ஒலித்தரம் துளியும் குறையாது, டேக்கும் நிற்கும். ஆனால் அது புது ஃபைல், பழைய கியூ பாயின்ட்கள் (பாட்டில் நீங்கள் குறித்துவைத்த இடங்கள்) தானாக வராது. கியூ போடும் முன்பே மாற்றிவிடுங்கள்.

எம்பி3யில் ஆங்கிலத் தலைப்பு 30 எழுத்தோடு நறுக்கென்று நின்றால், படிக்கப்படுவது பழைய ஐடி3 முதல் பதிப்பு. டேக்கை ஐடி3 2.3 பதிப்பாகச் சேமியுங்கள்; 2.4ஐப் பழைய பிளேயர்கள் சில படிப்பதில்லை.