கார் பந்தய வீடியோ கேம்களில் சாதாரணச் சின்னக் கார்கள் தேவைதானா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து கிரான் டூரிஸ்மோ 7 என்ற வீடியோ கேமை வாங்கினால், எடுத்த எடுப்பில் டொயோட்டா ஆக்வா, ஹோண்டா ஃபிட், மாஸ்டா டெமியோ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள், காய்கறி வாங்கப் போகும் கார்களுக்குப் பந்தயத்தில் என்ன வேலை, அந்த இடத்தில் மேலும் சில ஃபெராரிகளை வைத்திருக்கலாமே என்பது. பகலெல்லாம் போக்குவரத்து நெரிசலில் சின்னக் காரை ஓட்டிவிட்டு இரவில் ஒரு மணி நேரம் விளையாட உட்காருபவர் நீங்கள் என்று எண்ணுகிறேன். அந்த ஃபிட் நம் நாட்டில் ஜாஸ் என்ற பெயரில் விற்பனையான கார்தான் என்பதால், அதே காரைத் திரையிலும் பார்க்கும்போது ஏற்படும் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கார்கள் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே என் பதில்.

நான் தில்லியில் வளர்ந்த தமிழன். இப்போது மயூர் விஹாரில் வசிக்கிறேன். நொய்டாவில் உள்ள அலுவலகத்துக்குப் பல ஆண்டுகளாக 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட மாருதி ஸ்விஃப்டில் போய் வருகிறேன். கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்த சர்வதேசப் பந்தயத் தடத்தில், 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடந்த அதே 5.125 கிலோமீட்டர் தடத்தில், பொதுமக்கள் தங்கள் சொந்தக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டும் நாட்கள் உண்டு. கட்டணம் கட்டி, ஹெல்மெட் அணிந்து, ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை என் ஸ்விஃப்டுடன் நானும் போனேன். பக்கத்தில் நின்ற கார்கள் பெரும்பாலும் என்னுடையதைவிட இரண்டு மூன்று மடங்கு குதிரைத்திறன் கொண்டவை.

என்னுடன் வந்த பயிற்றுநர் முதல் சில சுற்றுகளை என்னை ஓட்டச் சொல்லிப் பேசாமல் பார்த்திருந்தார். பிறகு இடம் மாறிக்கொண்டு அவரே ஓட்டினார். ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான அந்த நேர்பாதையில் எங்களைப் பெரிய கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து சென்றன. அதை அவர் பொருட்படுத்தவே இல்லை. அவருடைய கவனமெல்லாம் வளைவுகளில் இருந்தது. நான் பிரேக்கை அழுத்திய இடத்துக்கு வெகு தூரம் தாண்டியே அவர் அழுத்தினார். காரின் எடை முன் டயர்களின் மேல் வந்து அமர்ந்த கணத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினார். பிரேக்கைப் படிப்படியாக விட்டு, வேகத்தை இழக்காமல் வளைவைக் கடந்தார். எஞ்சின் சக்தி குறைந்த காரில் வளைவில் தொலைத்த வேகத்தை நேர்பாதையில் திரும்பப் பெற முடியாது என்றும், அதனால்தான் கற்றுக்கொள்பவருக்கு இந்தக் காரே நல்லது என்றும் அவர் இந்தியில் சொன்னார். தினமும் சிக்னல்களில் நிற்கும் என் காருக்குள் இவ்வளவு ஆற்றல் இருப்பதை அன்று கண்ணாரக் கண்டேன். அந்தப் பெருமை இன்றும் எனக்கு இருக்கிறது.

உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. ஐந்நூறு, அறுநூறு குதிரைத்திறன் கொண்ட காரில், வளைவில் தடுமாறினாலும் அடுத்த நேர்பாதையில் வலது காலை அழுத்தினால் போதும், தவறு மறைந்துவிடும். முன்சக்கரங்களே காரை இழுக்கவும் திருப்பவும் வேண்டியிருக்கும் சின்னக் காரில் அப்படி நடக்காது. அதிக வேகத்தோடு வளைவுக்குள் நுழைந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். பயந்து அளவுக்கு மீறி வேகத்தைக் குறைத்தால் மீட்க வழியே இல்லை. ஓட்டுபவரின் கை எப்படிப்பட்டது என்பதைச் சின்னக் கார் அப்படியே காட்டிவிடுகிறது. அது மட்டுமன்று, அத்தகைய காரில் பல சுற்றுகள் ஓடியவருக்குத்தான் பின்னாளில் வாங்கும் ஃபெராரி உண்மையிலேயே வேகமான காராகத் தெரியும்.

வீடியோ கேமில் ஓட்டி யாரும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது என்று சிலர் எழுத வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் அப்படிக் கூறவில்லை. அந்த விளையாட்டில் உள்ள ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இன்னும் சக்திவாய்ந்த கார், என்னுடையது அதுவன்று என்பதும் எனக்குத் தெரியும். இருப்பினும், எடை முன்னும் பின்னும் மாறுவதும், முன் டயர்கள் பிடியை இழப்பதும் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகச் சின்னக் காரே ஏற்றது என்பதுதான் என் வாதம்.

ஒரு காரைத் திரைக்கு ஏற்ப உருவாக்கப் பெரும் உழைப்பு தேவை, அதைச் சாதாரணக் கார்களில் ஏன் செலவிட வேண்டும் என்றும் கேட்பார்கள். 2010-இல் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ 5-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 200 மட்டுமே முழு நுணுக்கத்துடன் செய்யப்பட்டவை, மற்றவை பழைய பதிப்புகளிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை. அந்தப் பட்டியலை ஊதிப் பெருக்கியதில் ஒரே நிசான் ஸ்கைலைனின் எண்ணற்ற வடிவங்களுக்குப் பெரும் பங்குண்டு. சின்னக் கார்களின் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமன்று. மேலும், 1997-இல் வந்த முதல் பதிப்பிலேயே கையில் 10,000 கிரெடிட்டுடன் (விளையாட்டுக்குள் செலவிடும் பணம்) பழைய கார் ஒன்றை வாங்கித்தான் தொடங்க வேண்டியிருந்தது. அந்தத் தொடரின் அடிப்படையே அதுதான்.

சாதாரணக் காருக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவு விளையாட்டுக்காகப் புனையப்பட்டதும் அன்று. சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது சிக்கனத்துக்காக உருவான மினி என்ற சின்னக் கார், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலி என்ற புகழ்பெற்ற சாலைப் பந்தயத்தை வென்றது. நம் நாட்டில், குர்காவ்னில் தயாரான மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்துக் கோயம்புத்தூரில் பந்தய வீரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். அவற்றில் பந்தயத்தைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். அலுவலக குமாஸ்தாவின் கார் என்று நாம் நினைத்த வண்டியின் எஞ்சின் அது.

அந்த மாருதி 800 கிரான் டூரிஸ்மோ 7-இல் இல்லை என்பதுதான் என்னுடைய உண்மையான வருத்தம். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது அப்பா வாங்கிய ஹூண்டாய் சான்ட்ரோவும் அதில் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார் என்பதால் அதை ‘நம்ம ஊர் வண்டி’ என்றே அப்பா எல்லோரிடமும் சொல்வார். சென்னையின் பந்தயத் தடமும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்ற விதி வந்தபோது, புகைச் சான்றிதழ் ஒழுங்காக இருந்த, எஞ்சினில் ஒரு குறையும் இல்லாத அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. காற்று மாசைப் பற்றி எனக்கும் கவலை உண்டு; வண்டியின் நிலையைச் சோதிக்காமல் வயதை மட்டும் பார்த்தது சரியன்று என்றே இன்றும் கருதுகிறேன். தெருக்களிலிருந்து மறைந்துவிட்ட இத்தகைய கார்களை இனி ஓட்டிப் பார்க்க இதுபோன்ற விளையாட்டுகளைத் தவிர வேறு இடம் இல்லை. ஜப்பானியர்களின் சின்னக் கார்களுக்கு அங்கே கிடைக்கும் இடம் நம்முடையவற்றுக்கும் கிடைக்க வேண்டும்.

உங்களிடம் உள்ள ஃபிட்டை ஒதுக்கிவிட வேண்டாம். அதை விளையாட்டில் உள்ள ஜப்பானின் ட்சுகூபா தடத்துக்குக் கொண்டு செல்லுங்கள்; இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சிறிய தடம் என்பதால் குதிரைத்திறனைவிட வளைவுகளே அங்கே நேரத்தைத் தீர்மானிக்கின்றன. டிராக்‌ஷன் கன்ட்ரோலை, அதாவது சக்கரங்கள் வழுக்காமல் தடுக்கும் வசதியை, அணைத்துவிட்டு, எந்த மாற்றமும் செய்யாத காரிலேயே உங்கள் சுற்று நேரம் மேலும் குறையாத நிலை வரும்வரை ஓட்டுங்கள். அதன் பிறகு ஃபெராரியை வாங்கி அதே தடத்தில் ஓட்டிப் பார்த்து, இந்தக் கேள்வியை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா என்று எழுதுங்கள்.